கேக்கல வேற, கேக்காது வேற

அந்த உயர்நிலைப் பள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு பெரிய கூடம். அதன் இரண்டு கோடியிலும் கூடைப்பந்து வளையங்கள். ஒரு வளையத்துக்குப் பின்னால் மேடை. மேடை நிறையப் பேண்டு வாத்தியங்கள். கீழே பந்து பொத் பொத்தென்று விழும்போது மேலே நிம்மதியாக ஊத முடியாது. மேலே ஊதும்போது கீழே ஒரு வார்த்தை பேச முடியாது. இப்படி ஒரு கூடத்தை யோசித்துக் கட்டிய புண்ணியவான் யாரோ, அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

பெண்கள் கூடைப்பந்து அணிக்கு டிரில் டீச்சர். பேண்டுக்குப் பேண்டு மாஸ்டர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். கூடம் எனக்கு, உனக்கு என்று வருஷக்கணக்காக நடந்த சண்டையைப் பார்த்துச் சலித்துப்போன தலைமையாசிரியை ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடத்துங்க. மேட்ச் நடக்கும்போது பேண்டு வாசிக்கட்டும். ஊருக்கும் நல்லா இருக்கும்." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கென்ன, அவர் அறைக்குச் சத்தம் வராது.

ஒன்றாகப் பயிற்சி ஆரம்பித்த முதல் நாளே புரிந்துவிட்டது, இது ஆகிற காரியம் இல்லை என்று. பந்தை வளையத்தில் போடச் சொல்வதற்கும் "அடி"தான். மேளத்தைத் தட்டச் சொல்வதற்கும் "அடி"தான். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனியாக ஒரு சொல் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. டிரில் டீச்சர் கீழே நின்று "அடிடி!" என்று கத்துவார், மேடையில் பெரிய டிரம் 'டம்' என்னும். பேண்டு மாஸ்டர் மேலே "ம், அடி!" என்பார், கீழே எவளோ ஒருத்தி பாதிக் கூடத்திலிருந்து பந்தை விட்டெறிவாள். "நான் அவளச் சொன்னேன்!" என்பார் ஒருவர். "நான் மட்டும் யாரச் சொன்னேனாம்?" என்பார் இன்னொருவர். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தப் பெரிய டிரம்மை அடித்தவள்தான் சின்னவள். கீழே பந்தோடு ஓடிய அணித் தலைவி அவளுடைய அக்கா, பெரியவள். வீட்டில் அப்படித்தான் பெயர், பள்ளிக்கூடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பெரியவள் பள்ளியின் கடைசி வகுப்பு. ஆள் நெட்டைக் கொக்கு, கோபக்காரி, பந்தைத் தொட்டால் மட்டும் பதவிசாகிவிடுவாள். சின்னவள் இரண்டு வகுப்புக் கீழே. டிரம்முக்குப் பின்னால் நின்றால் தலையும் இரண்டு குச்சியும்தான் தெரியும்.

சின்னவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. அவளுக்கு வலது காது கேட்காது. கொஞ்சமாகக் கேட்கும், மங்கலாகக் கேட்கும் என்றெல்லாம் இல்லை, துளிகூடக் கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலோடு சீழ் வந்து, காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. நாள் முழுக்க ரம்பத்தோடு போட்டி போட்டுப் பேசிய மனுஷன் வீட்டுக்கு வந்து மெதுவாகவா பேசுவார்? தண்ணீர் கேட்டாலே அடுத்த தெருவில் இருக்கிறவன் செம்பை எடுப்பான். அச்சாபீஸில் புத்தகம் தைக்கும் அம்மாவும் அவருக்கு ஈடுகொடுத்துக் கத்திக் கத்தியே பேசப் பழகியிருந்தாள். அந்த வீட்டில் ஒற்றைக் காது தாராளமாகப் போதும்.

பெரியவளுக்கு மட்டும் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே பாய். சின்னவள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் என்ன கூப்பிட்டாலும் பதில் வராது என்று கண்டுபிடித்தவள் அவள்தான். "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று அன்றைக்குச் சின்னவள் அழுத அழுகையில், பெரியவள் சத்தியம் செய்து கொடுத்துவிட்டாள்.

ஒற்றைக் காதோடு ஊரில் பிழைக்கச் சின்னவள் ஒரு வித்தை கற்று வைத்திருந்தாள்: தலையாட்டுவது. யார் என்ன சொன்னாலும் கேட்டதோ இல்லையோ, ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். பத்துக்கு ஒன்பது தடவை இதில் பிழைத்துவிடலாம். பத்தாவது தடவைதான் வம்பு. ஒருமுறை அறிவியல் டீச்சர் வலப்பக்கமாக வந்து, "இந்தக் கண்ணாடிக் குடுவைய ஒடச்சது நீதானா?" என்று கேட்டிருக்கிறார். இவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க வெளியே நிற்க வைத்தார்கள், எதற்கு என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. அவளுடைய நாட்களே அப்படித்தான் போயின. எல்லோரும் சிரிப்பார்கள், ஏன் என்று தெரியாது. எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், எங்கே என்று தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திருதிருவென்று விழித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

டிரம் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அந்தக் குழப்பம் இல்லை. டிரம் சத்தத்தைக் கேட்கக் காது எதற்கு? அது வயிற்றில் கேட்கும், உள்ளங்காலில் கேட்கும். அவள் அடித்தால் மற்றவர்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் வரவேண்டும். உலகத்தில் அவள் யார் பின்னாலும் ஓடாத ஒரே இடம் அது. அதைப் பிடுங்கிவிட்டால் அவளிடம் வேறு ஒன்றுமே இல்லை.

பிடுங்கிவிடுவார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். "பேண்டுக்குக் காதுதான் மொதல்ல. வெரலு, மூச்சு எல்லாம் அப்புறம்" என்பது பேண்டு மாஸ்டரின் வேதவாக்கு. ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவரையும் திரும்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து தட்டிக் காட்டி, என்ன தட்டினேன் என்று கேட்பார். சின்னவளின் அதிர்ஷ்டம், அவர் அன்று இடப்பக்கமாக நின்று தட்டினார். அந்த வருஷமே நன்றாகக் குழல் ஊதிய ஒரு பையன் காதில் சீழ் என்று டாக்டர் சீட்டோடு வந்தான். மறுநாள் அவன் குழல் வேறு ஒருத்தன் கையில் இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து சின்னவள் மாஸ்டர் முன்னால் இன்னும் பலமாகத் தலையாட்டினாள்.

இப்படி இருக்கும்போதுதான் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. அந்தப் பள்ளி அதுவரை ஒரு கோப்பையும் ஜெயித்ததில்லை; கோப்பை வைக்க அலமாரிகூட வாங்கவில்லை. ஆட்டம் அதே கூடத்தில். ஊரே திரண்டு வந்து சுவர் ஓரமெல்லாம் நின்றது. மில்லில் அரை நாள் லீவு போட்டு அப்பா வந்து, வாசலிலிருந்தே "சின்னவளே!" என்று கத்தி மானத்தை வாங்கினார்.

கல்யாணத்தன்று தாலி காணோம் என்கிற மாதிரி, அன்று பார்த்து கூடத்து மின்மணி கருகிப்போயிற்று. நேரம் முடிந்தது என்று அறிவிக்க மணி வேண்டுமே! வேற்று ஊரிலிருந்து வந்திருந்த நடுவர், "விசில் வேணாம், அது தப்புக்கு ஊதுறது. கொழம்பிடும்" என்றார். எல்லோரும் கூடிப் பேசி, யாருக்கோ ஞானம் பிறந்தது: பெரிய டிரம் இருக்கிறதே! நேரம் பார்ப்பவர் கணக்கு வாத்தியார். அவர் கடிகாரத்தோடு மேடையிலேயே டிரம் பக்கத்தில் உட்காருவார். நேரம் முடிந்ததும் "அடி" என்பார். சின்னவள் ஒரே ஒரு அடி அடிப்பாள். டிரம் கேட்டால் ஆட்டம் நின்றது. வந்த அணியும் ஒப்புக்கொண்டது. யாருக்கும் அப்போது அதில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

கோளாறு சின்னவளுக்குத்தான் தெரிந்தது. அவளுடைய இடப்பக்கம் டூபா என்கிற அண்டா வாய்க் குழல் உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்த இடமில்லை. ஆகவே கணக்கு வாத்தியாரின் நாற்காலியை வலப்பக்கம் போட்டார்கள். அவரோ, வகுப்பில் முதல் வரிசைக்கே கேட்காத குரல். "நான் 'அடி'ங்கறது உனக்குக் கேக்கும்ல?" என்றுதான் கேட்டிருப்பார், வாயசைவு அப்படித்தான் இருந்தது. சின்னவள் சிரித்துத் தலையாட்டினாள்.

அவளுக்கு ஒரு நம்பிக்கை. சொல்வதற்கு முன்னால் வாத்தியார் ஆள்காட்டி விரலை உயர்த்துவார், வகுப்பில் விடை சொல்லும்போது செய்வாரே, அதுபோல. அந்த விரலை விடாமல் பார்த்தால் போதும். பார்த்தாள். ஆட்டத்தின் முதல் மூன்று பகுதியும் பிசகில்லாமல் முடிந்தன. விரல் எழும்பும், டம் என்னும், நடுவர் கையைத் தூக்குவார். இடைவேளைகளில் பேண்டு வாசித்தது. ஜனம் கை தட்டியது. டிரில் டீச்சரும் பேண்டு மாஸ்டரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததாகக்கூடச் சொன்னார்கள், நான் நம்பவில்லை.

கடைசிப் பகுதி. ஆட்டம் முடியப்போகிற நேரம். வந்த அணி ஒரு புள்ளி முன்னால். பந்து பெரியவளிடம் வந்தது. கூடம் முழுக்க எழுந்து நின்றது. கணக்கு வாத்தியாரும் எழுந்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய மனுஷன் பந்தைப் பார்த்தார். அவர் விரலைப் பார்க்க வேண்டியவளும் பந்தைப் பார்த்தாள். சொந்த அக்கா வளையத்துக்கு நேராகப் பந்தோடு நிற்கும்போது எவள்தான் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"அடிடி! அடி! அடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார் டிரில் டீச்சர்.

டிரம் 'டம்' என்றது.

அந்தச் சத்தம் கேட்டபோது பந்து பெரியவளின் கையில்தான் இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்ட பிறகு, எறிய எடுத்த கையை நிறுத்த முடியாமல் எறிந்துவிட்டாள். பந்து வளையத்தில் ஒருமுறை சுற்றி உள்ளே விழுந்தது.

விழுந்ததும் கூடம் இரண்டாகப் பிளந்தது. "ஜெயிச்சாச்சு!" என்று பாதி. "டைம் முடிஞ்சுபோச்சு!" என்று பாதி. சின்னவள் குச்சியைப் பிடித்தபடி மரமாக நின்றாள். கை போனது தெரியும். ஏன் போனது என்று தெரியவில்லை. டிரில் டீச்சர் கத்தியது இடது காதில் விழுந்ததா? வாத்தியாரின் விரல் ஓரக் கண்ணில் பட்டதா? அக்கா போட்டுவிட வேண்டுமே என்ற பதைப்பில் கை தானாகவே போயிற்றா?

நடுவர் மேடைக்கு ஏறி வந்தார். "சார், நீங்க 'அடி'ன்னு சொன்னீங்களா, இல்லையா?"

கணக்கு வாத்தியாருக்கு முகமெல்லாம் வியர்வை. "சொல்ல வாயத் தொறந்தேன் சார்."

"தொறந்து?"

"சொன்னேனா, சொல்றதுக்குள்ள டிரம் கேட்டுச்சான்னுதான் பிடிபட மாட்டேங்குது."

"கடிகாரம் என்ன காட்டுது?"

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். அதை நிறுத்த வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அது பாட்டுக்கு நேரம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "கணக்கு வாத்தியாராம், கணக்கு வாத்தியார்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவளின் அப்பா குரல் மாதிரிதான் இருந்தது.

நடுவர் சின்னவள் பக்கம் திரும்பினார். அவர் இடப்பக்கம் நின்றதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. "ஏம்மா, நீதான் பக்கத்துல இருந்தவ. பயப்படாமச் சொல்லு. சார் 'அடி'ன்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

கூடம் முழுக்க அவளையே பார்த்தது.

"கேக்கல சார்" என்றாள் சின்னவள்.

உண்மையைத்தான் சொன்னாள். நடுவர் உடனே கையைத் தட்டினார். "அவ்வளவுதான்! பக்கத்துல இருந்த பொண்ணுக்கே கேக்கல. அப்போ சார் சொல்லல. டிரம் தவறுதலா அடிச்சது. பந்து செல்லும்!"

அப்புறம் கூடத்தில் நடந்ததை எழுதி மாளாது. பெஞ்சுகள் சரிந்தன. யாரோ பெரியவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வந்த அணியின் பெண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள், அவர்களுடைய பயிற்சியாளர், "டிரம் கேட்டா முடிஞ்சதுன்னுதானே பேச்சு?" என்று நடுவரின் பின்னாலேயே அலைந்தார். சின்னவள் ஒன்றும் புரியாமல் நின்றாள். அவள் சொன்னதை வைத்தா ஜெயித்தார்கள்? சார் சொல்லவில்லை என்று அவள் சொல்லவே இல்லையே! இடி இடித்திருந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குக் கேட்டிருக்காதே!

இதைத் தெரிந்தவள் இன்னொருத்தி கூட்டத்தில் இருந்தாள். தோள்களின் மேலிருந்து பெரியவள் மேடையைப் பார்த்தாள். அக்கா தங்கை இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது என்று சின்னவளுக்கும் புரிந்தது. பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாயைத் திறந்தால் டிரம் போய்விடும். அக்காவின் கோப்பையும் போய்விடும். திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. எல்லோருக்கும் சந்தோஷம், எப்போதும் போல ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். தரையில் உட்கார்ந்து அழும் பெண்களை அவள் பார்த்தாள். அவர்களுக்கும் என்ன நடந்தது என்று புரியவில்லை. அந்த முழி அவளுக்கு நன்றாகத் தெரிந்த முழி. அறிவியல் டீச்சர் வெளியே நிற்க வைத்த வாரம் முழுக்க அவள் முகத்தில் இருந்ததும் அதுதான். இன்றைக்கு அதை அவர்களுக்குக் கொடுத்தவள் அவளே.

முதலில் கணக்கு வாத்தியாரிடம் சொல்லப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, "விடும்மா, ஜெயிச்சாச்சுல்ல" என்று வாயசைத்தார். நடுவரைக் கூப்பிட்டாள், அந்தச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? அதற்குள் பேண்டு மாஸ்டர் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கினார். வெற்றி வாத்தியம். குழல்கள் உதட்டுக்குப் போயின. மாஸ்டரின் கை இறங்கியது. "அடி!"

சின்னவள் அடிக்கவில்லை.

டிரம் இல்லாமல் குழல்கள் நாலைந்து சுரம் தட்டுத் தடுமாறிப் போயின. ஒருவர்பின் ஒருவராக வாயை எடுத்தார்கள். டூபாக்காரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊதினவன், தனியாக ஊதுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினான். பேண்டு நின்றதும் கூட்டமும் என்னவோ ஏதோவென்று அடங்கியது.

"என்னடி ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"எனக்கு இந்தக் காது கேக்காது" என்றாள் சின்னவள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது, அப்பாவின் பெண்ணாயிற்றே.

டிரில் டீச்சர் கீழேயிருந்து பாய்ந்தார். "அதத்தானே அப்பவே சொன்ன? கேக்கலன்னு? திருப்பித் திருப்பி அதையே சொல்லிக்கிட்டு!"

"இல்ல டீச்சர். கேக்கல வேற, கேக்காது வேற." சின்னவள் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "சார் சொல்லியிருந்தாலும் கேக்காது. சொல்லலன்னாலும் கேக்காது. இதுவரைக்கும் அவரு வெரலப் பாத்துத்தான் அடிச்சேன். இப்போ பாக்கல. சொன்னாரான்னு எனக்குத் தெரியாது."

"கேக்காதா? என் பொண்ணுக்கா?" என்று வாசல் பக்கம் ஒரு குரல் எழும்பிப் பாதியில் உடைந்தது. நடுவர் நெற்றியைத் தேய்த்தார், மேடையைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். அந்த ஆளையும் குற்றம் சொல்லக் கூடாது. தலையும் புரியாத, வாலும் புரியாத வழக்கு. கடைசியில் சொன்னார்: "சார் சொன்னதுக்கும் சாட்சி இல்ல, சொல்லாததுக்கும் சாட்சி இல்ல. டிரம் அடிச்சதுக்குத்தான் சாட்சி இருக்கு, அது எல்லாருக்கும் கேட்டுச்சு. கேட்டப்போ பந்து கையில இருந்துச்சு. பந்து செல்லாது. வந்த டீம் ஜெயிச்சது."

பேண்டு மாஸ்டர் சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ இத்தன நாளா நீ எப்படி வாசிச்ச?"

"உங்க கையப் பாத்து சார்."

மாஸ்டர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் மேடையை விட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைய நேரமாயிற்று. வந்த அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறியது. டிரில் டீச்சர் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு போனார். சின்னவள் மேடை விளிம்பில் உட்கார்ந்து டிரம்மின் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் செய்கிற வேலைதான். நாளைக்கு இதை யார் செய்வார்களோ என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

பெரியவள் வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. திட்டப் போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டு வரவில்லை.

"தோள் மேல இருந்தப்போ நீ என்னப் பாத்த" என்றாள் பெரியவள். "நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

"ஆமாக்கா."

"உனக்காகத்தான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்தா உன் டிரம் போயிடுமே, சத்தியம் பண்ணியிருக்கேனேன்னு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." பெரியவள் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "இப்போ யோசிச்சா, கப்புக்காகத்தானோன்னு இருக்கு. எனக்கே தெரியலடி. நெஜமாவே தெரியல."

சொல்லிவிட்டு அழுதாள். பெரியவள் அழுது சின்னவள் பார்த்ததே இல்லை. கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்கும் தெரியவில்லை. கோபம் இருந்தது. பாசமும் இருந்தது. இரண்டையும் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எங்கக்கா?"

"வெளிய நிக்கறாரு. எல்லார்கிட்டயும் மெதுவாப் பேசிக்கிட்டிருக்காரு. பயமா இருக்கு" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அப்போது மேடையில் காலடி அதிர்ந்தது. பேண்டு மாஸ்டர் திரும்ப வந்திருந்தார். சின்னவள் எழுந்து நின்று இரண்டு குச்சிகளையும் எடுத்துத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டாள். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். மாஸ்டர் டிரம்மைச் சுற்றி நடந்தார், அதன் தோலைத் தட்டிப் பார்த்தார், டூபாவின் நாற்காலியைக் காலால் நகர்த்தினார். பிறகு அவளுடைய வலப்பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னார்.

அவர் உதடு அசைந்தது அவளுக்குத் தெரிந்தது. முகம் டிரம்மின் பக்கம் திரும்பியிருந்ததால் வாயசைவும் பிடிபடவில்லை. குச்சியைக் கொடு என்றாரா? போ என்றாரா? அவள் தலை பழக்கத்தில் தானாகவே பாதி ஆடிவிட்டது. எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் எத்தனை வருஷம் ஆட்டியாயிற்று! பாதியில் தலையை நிறுத்தினாள்.

"கேக்கல சார்" என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அப்படிக் கேட்டாள்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். எதையோ மறந்துபோனவர் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டார். டிரம்மைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்தார்.

"நாளைக்குக் காலையில கொஞ்சம் சீக்கிரம் வான்னு சொன்னேன். டிரம்ம எங்க வெச்சா என் கை உனக்கு நல்லாத் தெரியும்னு பாத்து வெச்சுக்கலாம்."

இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் நன்றாகத்தான் கேட்டது. இருந்தாலும் சின்னவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.